மரைப்பூச்சின் சரித்திரம்

ஒரு யந்திரத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் அதன் குதிரைசக்தியையும் வேகத்தையும் எடுத்துச் சொல்வார்களேயன்றி, எரிபொருளைத் தொட்டியிலிருந்து சுமந்துவரும் மெல்லிய குழாயையும், அந்தக் குழாயை யந்திரத்தோடு பிணைக்கும் பித்தளை நிப்பிளையும், அந்த நிப்பிளின் மரைகளில் தடவப்பட்டிருக்கும் சிறிதளவு பூச்சையும் பற்றி வாய் திறப்பது அபூர்வம். ஆயினும் அந்தப் பூச்சு தன் கடமையிலிருந்து தவறுமானால், பெட்ரோல் யந்திரமாயின் எரிபொருள் சூடேறிய இரும்பின்மீது சொட்டி நெருப்புக்கு வழிகோலும். டீசல் யந்திரமாயின் குழாய்க்குள் காற்றுப் புகுந்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். இவ்வளவு அற்பமாகத் தோன்றும் இப்பொருளுக்கும் இருநூறு ஆண்டுச் சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தை அறிந்தவனுக்கு, இன்று கடையில் அடுக்கி வைத்திருக்கும் பலவகைப் பசைகளிலும் நாடாக்களிலும் எதை எங்கே உபயோகிப்பது என்ற கேள்விக்கு விடை தானாகவே விளங்கிவிடும்.

முதலில் மரையின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். திருகுமரை என்பது இரண்டு பாகங்களை இறுகப் பற்றி நிறுத்துவதற்காக ஏற்பட்டதே தவிர, திரவத்தைத் தடுப்பதற்காக ஏற்பட்டதன்று. வெளிமரையின் முகடு உள்மரையின் பள்ளத்தில் முழுவதும் போய்ப் பொருந்துவதில்லை. எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் இரண்டிற்கும் நடுவே மயிரிழை போன்ற ஓர் இடைவெளி, முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரையில், சுருள்வழியாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டேயிருக்கும். தண்ணீராயினும் எண்ணெயாயினும் பெட்ரோலாயினும் வெளியே வருவதற்கு அந்த ஒரு பாதை போதும். பூச்சின் பிரதானமான வேலை அந்தச் சுருள்வழியை அடைப்பது. அதனோடு, உலோகமும் உலோகமும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் வழுக்கிச் சென்று போதிய அளவு இறுகுவதற்கு உதவுவதும் அதன் வேலையேயாகும்.

மரையிட்ட இரும்புக் குழாய் உலகத்தில் பரவியது எரிபொருளை முன்னிட்டேதான் என்பது கவனிக்கத் தக்கது. ஆனால் அந்த எரிபொருள் திரவமன்று, வாயு. 1792-ஆம் ஆண்டில் வில்லியம் மர்டாக் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து யந்திர நிபுணர், கார்ன்வால் பிரதேசத்தில் ரெட்ருத் என்ற ஊரிலிருந்த தமது வீட்டில், நிலக்கரியைக் காய்ச்சி எடுத்த வாயுவைக் கொண்டு விளக்கேற்றிக் காட்டினார். இருபதாண்டுகள் கழித்து, 1812-இல், லண்டன் நகரத்துக்கு வாயு விளக்கு வழங்குவதற்கென்று அரசரின் சாசனம் பெற்ற ஒரு கம்பெனி ஏற்பட்டது. வீதி வீதியாக, வீடு வீடாக வாயுவைக் கொண்டுசெல்லக் குழாய் வேண்டுமே, அவ்வளவு குழாய்க்கு எங்கே போவது என்று திகைத்திருந்த காலத்தில், நெப்போலியனோடு நடந்த யுத்தம் 1815-இல் முடிவுற்று, வேலையற்றுக் கிடந்த துப்பாக்கிகளின் குழல்கள் மலிவாகக் கிடைக்கவே, அவற்றின் முனைகளில் மரையிட்டு ஒன்றோடொன்று திருகிச் சேர்த்து வாயுக் குழாயாக ஓடவிட்டார்கள். சத்துருவைக் கொல்வதற்கென்று அடித்த இரும்பு, குடும்பத்தாரின் கூடத்துக்கு வெளிச்சம் கொண்டுவரும் இரும்பாக மாறிற்று.

துப்பாக்கிக் குழல்கள் எத்தனை நாளைக்குப் போதும்? 1825-இல் வெட்னஸ்பரி என்ற ஊரைச் சேர்ந்த கார்னீலியஸ் வைட்ஹவுஸ், நீண்ட இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, அதன் இரு விளிம்புகளும் கூடிப் பற்றிக்கொள்ளுமாறு ஓர் அச்சினூடே இழுத்துக் குழாயாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அது முதல் குழாய் மலிந்தது. ஆனால் மரையோ பட்டறைக்குப் பட்டறை வேறாக இருந்தது. ஒருவர் செய்த திருகாணி இன்னொருவர் செய்த துளையில் ஏறாது. பழுதுபார்க்க வேண்டுமானால் முதலில் செய்தவரிடமே போய் நிற்க வேண்டும். ஹென்றி மாட்ஸ்லே 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைத்த திருகுவெட்டும் கடைசல் யந்திரம், ஒரே அளவுள்ள மரைகளைத் திரும்பத் திரும்ப வெட்டுவதைச் சாத்தியமாக்கிற்று. அவருடைய பட்டறையில் தொழில் பயின்ற ஜோசப் விட்வொர்த், நாட்டிலுள்ள பல பட்டறைகளிலிருந்தும் திருகுகளைத் திரட்டி அளந்து, அவற்றின் சராசரியைக் கொண்டு 55 பாகைக் கோணமுள்ள ஒரு பொது மரையை 1841-இல் பொறியாளர் சங்கத்தின்முன் பிரேரேபித்தார். இங்கிலாந்து அதனை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது.

அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரையில் வேறொரு வழி உருவாயிற்று. வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் பிலடெல்பியாவிலே 60 பாகைக் கோணமுள்ள மரையை முன்வைத்தார். அதே நகரத்தில் பாஸ்கல் இரும்பு ஆலையின் நிர்வாகியாக இருந்த ராபர்ட் பிரிக்ஸ், குழாய்களுக்கென்றே தனியாக ஒரு மரையை வகுத்தார். அதன் விசேஷம், குழாயின் முனை ஆப்புப் போல் சரிந்து செல்வது: நீளத்தில் பதினாறு பங்குக்கு விட்டத்தில் ஒரு பங்கு குறையும். அத்தகைய குழாயைத் திருகத் திருக அது நெருங்கி நெருங்கி முடிவில் இறுகிவிடும். அமெரிக்க யந்திரப் பொறியாளர் சங்கம் 1886-இல் இதனைப் பிரமாணமாக ஏற்றது. இன்றளவும் அந்நாட்டுக் குழாய்கள் பிரிக்ஸ் வகுத்த சரிவிலேயே செல்கின்றன. இங்கிலாந்தின் சரிவுமரைக்கும் அதே பதினாறில் ஒன்று என்ற கணக்குத்தான். ஆனால் கோணம் மட்டும் விட்வொர்த்தின் 55 பாகை.

இந்த ஐந்து பாகை வித்தியாசத்தினால் விளைந்த தொல்லை கொஞ்சமன்று. அரை அங்குலக் குழாயிலும் முக்கால் அங்குலக் குழாயிலும் இரு தேசத்து மரைகளுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு சுற்று என்பது பொதுவாக அமைந்துவிட்டபடியால், ஒன்றை மற்றொன்றில் திருகினால் அது ஏறவும் செய்யும், இறுகிவிட்டதாகத் தோன்றவும் செய்யும். ஆனால் பக்கங்கள் சரியாகப் பொருந்தாமையால், எந்தப் பசையைப் பூசினாலும் எத்தனை சுற்று நாடாவைச் சுற்றினாலும் இன்றில்லாவிட்டால் நாளை கசியும். கசிவு கண்ட இடத்தில் பூச்சைக் குறை கூறுவதற்குமுன் மரைகள் ஒரே குலத்தைச் சேர்ந்தவைதாமா என்று பார்க்க வேண்டும் என்பது இந்தச் சரித்திரத்தின் முதற்பாடம்.

இனிப் பூச்சுக்கு வருவோம். நீராவியின் காலத்தில் குழாய்த் தொழிலாளியின் பையில் இருந்தவை சணலும், ஆளிவிதை எண்ணெயும், சிவப்பு ஈயப்பொடி அல்லது ஈயவெள்ளையும்தாம். பொடியை எண்ணெயில் குழைத்துக் களிம்பாக்கி, மரையின் மீது சணல் இழையைச் சுற்றி, அதன்மேல் களிம்பைத் தடவித் திருகுவார்கள். இந்த ஏற்பாட்டின் யுக்தி மெச்சத்தக்கது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று நாளடைவில் தோல்போல் இறுகும் சுபாவமுடையது; ஈயப்பொடி அந்த இறுக்கத்தைத் துரிதப்படுத்திக் களிம்புக்குக் கட்டுக்கோப்பும் தரும்; சணலோ ஈரம் பட்டவுடன் பருத்து, எஞ்சிய இடுக்கையெல்லாம் தானே நிரப்பிவிடும். தண்ணீருக்கும் நீராவிக்கும் இதைவிட ஏற்ற உபாயம் அந்நாளில் இருக்கவில்லை. ஈயம் நஞ்சு என்ற அறிவு பிற்காலத்தில் வலுத்துக் குடிநீர்க் குழாய்களிலிருந்து அதை விலக்கிய பிறகும், சணலின் உபயோகம் இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை.

இந்தச் சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்தது பெட்ரோல். 1886-ஆம் ஆண்டு ஜனவரியில் கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமலே தம் இரு புதல்வர்களுடன் அந்த வண்டியை மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், ஓட்டிச் சென்றார். வழியில் வீஸ்லோக் என்ற ஊரிலே ஒரு மருந்துக் கடையில் எரிபொருள் வாங்க வேண்டியிருந்தது; பின்னர் எரிபொருள் குழாயில் அடைப்பு நேர்ந்து, அந்த அம்மையார் தமது தொப்பியின் ஊசியைக் கொண்டு அதைக் குத்தித் திறந்தார் என்று சொல்வார்கள். மோட்டார் வண்டியின் முதல் நெடும் பிரயாணத்திலேயே, எரிபொருள் குழாயில் ஒரு துரும்பு எவ்வளவு பெரிய பகை என்பது உலகுக்குத் தெரிந்துவிட்டது. 1893-இல் வில்ஹெல்ம் மாய்பாக், மிதவையினால் மட்டம் காத்து, நுண்துளை வழியாகப் பெட்ரோலைப் பீச்சும் கார்புரேட்டரை உருவாக்கியபின் அந்தப் பகைமை இன்னும் முற்றிற்று. ஊசிமுனை போன்ற அத்துளையை அடைப்பதற்குக் கண்ணுக்குப் புலப்படாத பிசிறு ஒன்றே போதும்.

பழைய களிம்பு இந்தப் புதிய திரவத்தின்முன் இரண்டு விதத்தில் தோற்றது. எண்ணெய்க்கு எமன் பெட்ரோல். முழுவதும் இறுகாத களிம்பைக் கரைத்துக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடும். கரையாமல் எஞ்சிய ஈயப்பொடியும் சணலின் பிசிரும் பெட்ரோலோடு பிரயாணம் செய்து கார்புரேட்டரின் துளையிலே போய் உட்கார்ந்துகொள்ளும். நீராவிக் குழாயில் சணல் இழை ஒன்று கழன்று ஓடினால் அதனால் விளையும் தீங்கு சொற்பம். பெட்ரோல் குழாயில் அதே இழை வண்டியை நிறுத்திவிடும். அதுவரையில் பூச்சைப் பற்றி, அது கசிவை நிறுத்துமா என்ற ஒரே கேள்விதான் கேட்கப்பட்டது. அதனோடு அது கரையுமா என்ற கேள்வியும், அதன் துணுக்கு எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியும் பிறந்தது பெட்ரோலின் காலத்தில்தான். பிற்காலத்துக் கண்டுபிடிப்புகள் யாவும் இந்த மூன்று கேள்விகளையும் ஒருங்கே சமாளிக்கும் முயற்சிகளே.

அக்காலத்து மோட்டார்த் தொழிலாளிகள் பெட்ரோலில் கரையாத வஸ்துக்களைத் தேடி, கைக்கெட்டிய இடத்திலேயே கண்டார்கள். அவற்றுள் ஒன்று சாதாரணச் சலவை சோப்பு. அது தண்ணீரில் கரையுமேயன்றிப் பெட்ரோலில் கரையாது. மரையில் நன்றாகத் தேய்த்துத் திருகினால் அவசரத்துக்கு உதவும். பெட்ரோல் தொட்டியில் விழுந்த கீறலைக்கூட வழிப்பிரயாணத்தில் சோப்பைத் தேய்த்தே தற்காலிகமாக அடைத்து வீடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. மற்றொன்று அரக்கு. நம் தேசத்தின் சோட்டா நாகபுரிக் காடுகளிலே புரசு முதலிய மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரந்து படியவைக்கும் பிசினைச் சுத்திகரித்து, சாராயத்தில் கரைத்த குழம்பே அது. சாராயம் ஆவியாகிப் போனபின் எஞ்சும் அரக்கு பெட்ரோலுக்கு மசிவதில்லை. ஐரோப்பியரின் மரச்சாமான்களுக்கு மெருகாகவும், கிராமபோன் தட்டுக்கு உடம்பாகவும் கப்பலேறிச் சென்ற அந்த இந்தியப் பண்டம், மோட்டார் பட்டறையிலே மரைக்கும் கேஸ்கெட்டுக்கும் பூச்சாகவும் அமர்ந்தது. அரக்குத் தொழிலை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியதிலிருந்து அதன் அந்நாளைய மதிப்பை ஊகிக்கலாம்.

மூன்றாவது உபாயம் நம் சித்த வைத்தியருக்கும் பரிச்சயமான மிருதார்சிங்கி. ஈயத்தின் மஞ்சள்நிற உயிரகையாகிய அதைக் கிளிசரினில் குழைத்தால், சில மணி நேரத்துக்குள் கல்லைப்போல் கெட்டிப்பட்டுவிடும். எண்ணெயும் பெட்ரோலும் அதை அசைக்கமாட்டா. எண்ணெய்க் குழாய்களிலும் பெட்ரோல் குழாய்களிலும் அது வெகுகாலம் பிரசித்தி பெற்றிருந்தது. ஆனால் அதன் குணமே அதன் குற்றமாகவும் முடிந்தது. ஒருமுறை இறுகிவிட்டால் இணைப்பைப் பிரிக்க முடியாது. வலிந்து பிரித்தால் மரை சிதையும். மோட்டார் வண்டியோ அடிக்கடி பிரித்து, சுத்தம் செய்து, மீண்டும் பூட்ட வேண்டிய யந்திரம்.

இந்தத் தேவையை உணர்ந்தே பூச்சுகளை ஆலையில் தயாரித்து டப்பாவில் அடைத்து விற்கும் வியாபாரம் எழுந்தது. அமெரிக்காவில் 1909-இல் புரூக்ளினில் தொடங்கிய பெர்மடெக்ஸ் கம்பெனி, கெட்டியாகக் காய்வது ஒன்று, காயாமல் என்றும் மெழுகுபோல் இளகியே இருப்பது இன்னொன்று, தூரிகையால் பூசத்தக்கது வேறொன்று என்று வகை வகையாகப் பண்டங்களைப் பெருக்கிற்று. பிற்பாடு பிரிட்டனில் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் ஜெட் யந்திரங்களின் தேவைக்காக வளர்த்த ஹைலோமர் என்ற நீலநிறப் பசையும் காயாத இனத்தைச் சேர்ந்ததே. யந்திரம் சூடேறி விரிந்து, குளிர்ந்து சுருங்கும்போது, கெட்டியாகக் காய்ந்த பூச்சு வெடித்து வழிவிடும். இளகிய பூச்சோ உலோகத்தின் போக்குக்கெல்லாம் இசைந்து கொடுக்கும்.

ஆகாய விமானம் வந்தபோது இந்தப் பிரச்சினை உயிர்ப் பிரச்சினையாயிற்று. பூமியில் ஓடும் வண்டியில் எரிபொருள் சொட்டினால் இறங்கி நின்று பார்க்கலாம். ஆகாயத்தில் அதற்கு இடமில்லை. இடைவிடாத அதிர்வோ எந்த இணைப்பையும் தளர்த்தப் பார்க்கும். ஆகவே விமானப் பொறியாளர்கள் வேறொரு திசையில் சிந்தித்தார்கள். மரையைத் தடுப்புச் சுவராக ஏன் நம்ப வேண்டும்? குழாயின் வாயைப் புனல்போல் விரித்து, அதைக் கூம்பான ஒரு முகத்தின்மீது பொருத்தி, மரையை வெறுமனே இழுத்துப் பிடிக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டால், உலோகமும் உலோகமும் முகத்தோடு முகம் அழுந்தி நிற்பதே தடுப்பாகிவிடும். மோட்டார்த் தொழிலில் 45 பாகைக் கூம்பு வழங்கிவந்தது. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் தமது விமானங்களுக்குப் பொதுவாக 37 பாகைக் கூம்பை ஏற்றுக்கொண்டன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அது தொழிற்சாலைகளுக்கும் பந்தய வண்டிகளுக்கும் பரவிற்று. செம்பு வாஷர் இரண்டுக்கு நடுவே அழுந்தி நிற்கும் பாஞ்சோ போல்ட்டும், குழாயைச் சுற்றி இறுகும் வளையமுள்ள யூனியனும் இதே தத்துவத்தைச் சார்ந்தவை. இத்தகைய இணைப்புகளின் மரையில் பூச்சுத் தடவுவது வீண்வேலை மட்டுமன்று, விபரீதமுங்கூட. கூம்பின் முகத்தில் ஏறிவிட்ட பசை உலோகங்களைச் சேரவொட்டாமல் தடுத்துக் கசிவை உண்டாக்கும்.

டீசல் யந்திரம் இன்னொரு கோணத்திலிருந்து வந்து நிர்ப்பந்தித்தது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் தமது யந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபோது, அழுத்திய காற்றின் உதவியால் எரிபொருளை உட்செலுத்தினார். அதற்கு வேண்டிய காற்றழுத்தும் யந்திரம் பாரமானதாகையால் வண்டிகளுக்கு அது பொருந்தவில்லை. ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் பாஷ் நிறுவிய தொழிற்சாலை 1927-இல் உட்செலுத்தும் பம்புகளைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய பிறகே லாரியிலும் டிராக்டரிலும் டீசல் பரவலாகக் குடியேறிற்று. அந்தப் பம்பின் உலக்கைக்கும் உறைக்கும் நடுவேயுள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குகளே. அதனுள் புகும் துகள் எதுவாயினும் உலக்கையைக் கீறும், அல்லது இன்ஜெக்டரின் துளையை அடைக்கும். இது ஒரு தொல்லை. மற்றொன்று விசித்திரமானது: தொட்டியிலிருந்து பம்பு வரையில் எரிபொருள் உறிஞ்சப்பட்டு வருவதால், அந்தப் பகுதியின் இணைப்பு பழுதானால் டீசல் வெளியே கசிவதில்லை, வெளியிலுள்ள காற்று உள்ளே நுழைகிறது. குழாய் வெளியே உலர்ந்திருக்கும். தரையில் ஒரு சொட்டும் இராது. யந்திரம் மட்டும் இருமி இருமி நின்றுவிடும். டீசலை அழுத்தினால் அது அழுத்தத்தைக் கடத்தும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக் கொடுக்குமேயன்றி இன்ஜெக்டரைத் திறக்காது. ஏர் லாக் என்று மெக்கானிக்குகள் சொல்லும் இந்நோய்க்கு, பம்பின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து ஏர் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பலர். நோயின் வேர் பின்னால் ஏதோ ஒரு நிப்பிளின் மரையில் இருப்பதை ஆராய்கிறவர்கள் சிலரே.

இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டி இரசாயன சாஸ்திரம் இரண்டு அரிய பொருள்களைத் தந்தது. முதலாவது தற்செயலாகக் கிடைத்தது. 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, நியூ ஜெர்சியில் டூபாண்ட் கம்பெனியின் ஜாக்ஸன் ஆராய்ச்சிச் சாலையில், குளிர்ப்பெட்டிக்கு ஏற்ற வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த ராய் பிளங்கெட் என்ற இளம் ரசாயனி, வாயு நிரப்பி வைத்திருந்த உருளையைத் திறந்தபோது ஒன்றும் வெளிவரவில்லை. எடை மட்டும் குறையாமல் இருந்தது. உருளையை அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழப்பான வெள்ளைப் பொடி. எந்தத் திராவகத்துக்கும் மசியாத அந்தப் பொருளை, அணுகுண்டு ஆராய்ச்சியில் யுரேனிய வாயுவின் கொடிய அரிப்பைத் தாங்கும் கேஸ்கெட்டுகளுக்கும் வால்வுகளுக்கும் உபயோகித்தார்கள். டெஃப்லான் என்ற பெயரில் அது 1945-இல் பதிவாயிற்று.

அதையே மெல்லிய நாடாவாக்கி மரையில் சுற்றும் வழக்கம் யுத்தத்துக்குப் பிந்தைய தசாப்தங்களில் உலகமெங்கும் பரவிற்று. தண்ணீர்க் குழாய்க்கு அது வரப்பிரசாதம்: குழைக்க வேண்டியதில்லை, காயக் காத்திருக்க வேண்டியதில்லை, கையில் அழுக்குப் படுவதுமில்லை. பெட்ரோலும் டீசலும் அதைக் கரைக்கமாட்டா என்பதும் மெய்யே. ஆனால் கரையாமை ஒன்றே போதாது என்பதை நாடா நன்கு நிரூபித்தது. திருகும்போது உள்மரையின் கூரிய விளிம்பு நாடாவின் ஓரத்தை அறுத்து நார் நாராகக் குழாய்க்குள் தள்ளிவிடும். கழற்றும்போது மரையில் ஒட்டியிருந்த துணுக்குகள் உதிர்ந்து உள்ளே விழும். கரையாத குணமே இங்கே கேடாகிறது. கரைந்தாலாவது எரிந்து தொலையும், கரையாத நாரோ ஊசித்துளையில் போய் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். மேலும், நாடாவின் வழுக்கும் தன்மையால் எவ்வளவு இறுக்கினோம் என்பது கைக்குத் தெரிவதில்லை. அலுமினிய வார்ப்பில் வெட்டிய மரையாயின், சரிவான நிப்பிள் ஆப்பாகிப் பிளந்துவிடும். இக்காரணங்களை முன்னிட்டே விமானத் துறையிலும், யந்திரம் செய்வோர் பலருடைய கையேடுகளிலும், எரிபொருள் இணைப்புகளுக்கு நாடா விலக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது பொருள் தேடிப் பிடிக்கப்பட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 1940-களில் ஒரு விசித்திரமான திரவத்தைக் கண்டிருந்தார்கள்: காற்று பட்டுக்கொண்டிருக்கும் வரையில் திரவமாகவே இருக்கும், காற்று விலகினால் கெட்டிப்பட்டுவிடும். ஓயாமல் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால்தான் அதைப் பாதுகாக்க முடியும் என்பதால் அதனால் பெரும்பயன் விளையவில்லை. அந்தக் கம்பெனியில் பணியாற்றிய ராபர்ட் கிரீபிள் இதைத் தம் தந்தையாரிடம் தெரிவிக்க, கனெக்டிகட் மாகாணத்தில் டிரினிட்டி கல்லூரியின் ரசாயனப் பேராசிரியராயிருந்த வெர்னன் கிரீபிள், ஊதாமலே சாதாரணக் குப்பியில் நிலைத்திருக்கும்படி அதைத் திருத்தியமைத்தார். 1953-இல் அவர் தொடங்கிய தொழிலில் பிறந்த லாக்டைட் என்ற பண்டம் 1956-இல் நியூயார்க்கில் பகிரங்கமாக அறிமுகமாயிற்று. காற்றை ஊடுருவவிடும் பாலிதீன் குப்பியில், முழுவதும் நிரப்பாமல், மேலே காற்றுக்கு இடம் விட்டு அதை அடைப்பதன் காரணம் இதுவே. குப்பிக்குள்ளிருக்கும் காற்றுத்தான் அதைத் திரவமாக வைத்திருக்கிறது.

எரிபொருள் மரைக்கு இதைவிடப் பொருத்தமான சுபாவத்தை நினைத்துப் பார்ப்பது அரிது. மரைகளுக்கு நடுவே காற்று வெளியேறி, இரும்பு அல்லது செம்பின் ஸ்பரிசமும் கிடைப்பதால் அங்கே சுருள்வழி முழுவதும் நிரம்பிக் கெட்டிப்படுகிறது. வெளியே பிதுங்கிய மிச்சம் காற்றுப்படுவதால் திரவமாகவே நின்று, துடைத்தால் போய்விடுகிறது. உள்ளே சிறிது வழிந்தாலும் அது துணுக்காகவோ நாராகவோ உருவெடுப்பதில்லை. கசிவை நிறுத்துமா, கரையுமா, துணுக்கு எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே பொருள் ஏறக்குறையத் திருப்தியான விடை சொன்னது இதுவே முதன்முறை. எனினும் அதற்கும் வரம்புகள் உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள மரையில் அது சரிவரப் பற்றாது. துருப்பிடியா எஃகிலும் துத்தநாகப் பூச்சிலும் மெதுவாகவே இறுகும். குளிரில் இன்னும் தாமதிக்கும். சிலவகைப் பிளாஸ்டிக்குகளில் பட்டால் வெடிப்பு உண்டாக்கும். இறுகத் தொடங்கிய பின் நிப்பிளைத் திசைதிருத்துவதற்காகப் பின்னோக்கிச் சுழற்றினால் தடுப்பு முறிந்துபோகும். பலமான பூட்டுப்பசையைத் தவறுதலாகப் பூசிவிட்டால் பின்னர் சூடேற்றித்தான் கழற்ற வேண்டும். எரிபொருள் குழாயினருகே தீயைக் கொண்டுபோவது எவ்வளவு ஆபத்து என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கேஸ்கெட்டுக்குப் பதிலாகப் பட்டறைகளில் தாராளமாகப் பிதுக்கப்படும் சிலிகோன் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தண்ணீருக்கும் யந்திர எண்ணெய்க்கும் ஈடுகொடுக்கும் சாதாரண சிலிகோன் பெட்ரோல் பட்டால் ஊறிப் பருத்துப் பலமிழந்துவிடும்; பிய்ந்த துணுக்கு குழாயோடு போகும். பழைய அரக்கின் நிலைமையும் இன்று மாறிவிட்டது. 2023 முதல் நம் நாட்டில் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருக்கிறது. அரக்கைக் கரைப்பதற்கு நம் முன்னோர் உபயோகித்த சாராயமே எத்தனால். ஆகையால் நூறாண்டுக்கு முன் பெட்ரோலை எதிர்த்து நின்ற பூச்சு, இன்றைய பெட்ரோலின்முன் நிற்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. பூச்சு மாறாமலிருந்தும் திரவம் மாறிவிட்டதால் தகுதி போய்விடுகிறது. பழைய வண்டிகளைப் பேணுகிறவர்கள் இதை அவசியம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது, தேர்வின் நெறி தெளிவாகிறது. இணைப்பு கூம்பினாலோ வாஷரினாலோ வளையத்தினாலோ அடைபடுவதாயின், பூச்சே வேண்டாம். முகத்தைச் சுத்தம் செய்து புதிய வாஷர் இட்டு அளவாக இறுக்கினால் போதும். இன்றைய டீசல் யந்திரங்களில் இரண்டாயிரம் பாருக்கு மேலும் உயரும் அழுத்தத்தைத் தாங்கும் குழாய்கள்கூட இப்படி வெறும் உலோகக் கூம்பினாலேயே அடைபடுகின்றன. சரிவான மரையினால் அடைபடுவதாயின், எரிபொருளுக்கும் எத்தனாலுக்கும் ஏற்றதென்று செய்தவர் குறித்திருக்கும் காற்றில்லாமல் இறுகும் பசையையோ, இளகியே நிற்கும் பசையையோ, முனையிலுள்ள முதல் ஒன்றிரண்டு மரைகளை வெறுமையாக விட்டுவிட்டு அதன்பின் மெல்லியதாகப் பூச வேண்டும். மரையைப் பழைய பூச்சின் தடமும் எண்ணெயும் இல்லாமல் துலக்கிய பின்பே பூச வேண்டும். பசை இறுகுவதற்குரிய அவகாசம் கொடுத்த பின்பே எரிபொருளைத் திறந்துவிட வேண்டும். சணலும் நாடாவும் தண்ணீர்க் குழாயோடு நின்றுகொள்ளட்டும்.

இருநூறு ஆண்டுகளில் பூச்சுகள் பல வந்தன, பல போயின. போனவற்றுள் பலவும் கசிவை அடைக்கத் தெரியாமல் போகவில்லை. ஈயக் களிம்பும் மிருதார்சிங்கியும் நாடாவும் அடைப்பதில் சமர்த்தானவையே. தமக்குரிய இடத்தை விட்டு வேறிடத்தில் அமர்த்தப்பட்டதே அவற்றின் குற்றம். ஆகையால் ஸ்பேனரைக் கையிலெடுக்கும் அன்பர்கள், இது அடைக்குமா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், இந்த எரிபொருளில் இது கரையுமா, பிய்ந்தால் எங்கே போய்ச் சேரும், நாளைக்கு இதைப் பிரிக்க முடியுமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பிறகு பூசுவார்களாக. விடை தெரியாத பூச்சை எரிபொருள் குழாயில் வைப்பதைக் காட்டிலும், கையேட்டைத் திறந்து ஒரு பக்கம் படிப்பது உத்தமம்.